கோத்தகிரிக்காரர் தெரிவிக்காத வருத்தம்

போன மாதம் டீக்கடையில் இளம் நிருபர்களான உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், மேலேயிருந்து ஃபோன் வந்தா என்ன செய்யணும்?" நான் "எடுத்துப் பேசணும்" என்று சொல்லிச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு எனக்கே என்மேல் கோபம் வந்தது. இத்தனை வருடம் உள்ளூர் கேபிள் டிவியில் செய்தி ஆசிரியராக இருந்தவன், கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு ஜோக் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன். என் வீரதீரங்களை எதிர்பார்த்து உட்காராதீர்கள். இதில் நான் செய்தது தப்பு. சரியாகச் செய்தவர் இன்னொருவர்.

உங்களுக்கு இப்போது எல்லாம் செல்போனில் முடிந்துவிடுகிறது. மலையுச்சியில் நின்றுகொண்டே செய்தி அனுப்புகிறீர்கள், சிக்னல் இல்லையென்றால் உலகமே அழிந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறீர்கள். எங்கள் காலத்தில் குன்னூரில் காய்கறி மண்டிக்கு மேலே மாடியில் எங்கள் சேனல் இருந்தது. உருளைக்கிழங்கு வாசனையோடுதான் செய்தி வாசிப்போம். குன்னூர் கேபிள் குன்னூரோடு சரி. இடையில் மலை நிற்பதால் கோத்தகிரிக்கு அங்கே ஒரு தனி கன்ட்ரோல் ரூம். ஆகவே மதியம் செய்தியைத் தொகுத்து, கேசட்டில் இன்னொரு பிரதி எடுத்து, நாலரை மணி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவோம். கோத்தகிரியில் அதை வாங்கி, சரியாக ஏழு மணிக்கு அங்கே போடுவார்கள். அதே ஏழு மணிக்கு நாங்கள் இங்கே போடுவோம். மக்கள் இரண்டு ஊரிலும் ஒரே செய்தியைப் பார்ப்பார்கள். இதுதான் ஏற்பாடு.

கோத்தகிரி கன்ட்ரோல் ரூமை நடத்தியவர் முன்பு ஒரு டீ ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். பெயர் வேண்டாம், கோத்தகிரிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அதிகம் பேசமாட்டார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கள் கேசட் வந்ததும் ஒளிபரப்புவதற்கு முன் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பார். வேறு எந்தக் கேபிள்காரரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. நாங்கள் பழைய கேசட்டுகளின் மேலேயே திரும்பத் திரும்பப் பதிவு செய்கிறவர்கள். ஒருமுறை செய்தி முடிந்ததும் யார் வீட்டுப் பெண்ணுக்கோ நடந்த சடங்கு வீடியோ கோத்தகிரி முழுக்க ஓடிவிட்டது. தாய்மாமன் சீர் தட்டோடு வருவதுவரை ஊரே பார்த்தது. அதிலிருந்து அவர் பார்க்காமல் எதையும் போடுவதில்லை. "மனுசன் நம்மை நம்பமாட்டேங்கிறான்" என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. கோத்தகிரிப் பக்கத்தில், தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் சரிவில் கட்டியிருந்த வீடுகள் மண்ணோடு போய்விட்டன. நல்லவேளை, பகலில் நடந்தது, உயிர்கள் தப்பின. எல்லோரையும் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். சில நாள் கழித்து ஒருநாள் காலையில் அமைச்சர் ஒருவர் வந்தார். கம்பளி கொடுத்தார். பிறகு ஒவ்வொரு குடும்பத்தையும் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்து, "எல்லோருக்கும் வீட்டுமனைப் பட்டா கொடுத்தாகிவிட்டது" என்று அறிவித்துவிட்டுக் கார் ஏறினார்.

கார் போனபிறகும் எங்கள் கேமராமேன் அங்கேயே நின்றிருந்தார். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததுதான் காரணம், வேறு பெரிய தீர்க்கதரிசனம் ஒன்றுமில்லை. அப்போது ஒரு அம்மா வந்து மைக்கைத் தானே பிடித்து இழுத்தார். சிலோன் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில் பிறந்து, சின்ன வயதில் இங்கே வந்து கொழுந்து பறித்தே வாழ்ந்தவர். கவரைப் பிரித்து, உள்ளே இருந்ததைக் கேமராவுக்கு நேரே விரித்துக் காட்டினார். வெறும் வெள்ளைத்தாள்.

"பாருங்க, நல்லா பாருங்க. சிலோன்ல எங்க லயமும் போச்சு, அதுக்கப்புறம் இங்க கட்டின வீடும் போச்சு. பட்டா தந்தேன்னு மந்திரி சொல்லிட்டுப் போறாரு. இந்தக் கடதாசியில பட்டா எங்க இருக்கு? அவர் பொய் சொல்லிட்டாரு. திரும்பி வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க."

ஒரு நிமிடம் நாற்பது விநாடி. பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. அதையே முதல் செய்தியாக வைத்தேன். நாலரை பஸ்ஸில் கோத்தகிரிக்குக் கேசட்டை அனுப்பிவிட்டு, பெரிய சாதனை செய்தவன்போல் மசால் வடை வாங்கிவரச் சொன்னேன்.

ஐந்தேகால் மணிக்கு ஓர் அதிகாரி மாடி ஏறி வந்தார். சட்டமும் திட்டமும் பேசுகிற ஆளாக இருந்திருந்தால் நானும் சட்டம் பேசியிருப்பேன். அவர் எங்கள் வடையில் ஒன்றை எடுத்துக்கொண்டு, டீ வாங்கிக் குடித்து, மழையைப் பற்றிப் பேசினார். பிறகுதான், "ஏனுங்க, இன்னைக்கு நியூஸ்ல அய்யாவப் பத்தி என்னமோ வருதுன்னு சொன்னாங்க?" என்றார்.

"கேம்ப்ல ஜனங்க பேசினது வருதுங்க."

"ஓ." ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். "உங்க கேபிளெல்லாம் கரண்டு கம்பத்துமேலதான் போகுதுங்களா?"

"ஆமாங்க."

"அதுக்கு எழுத்துல பர்மிசன் ஏதாச்சும்?"

"அது... எல்லா ஊர்லயும் இப்பிடித்தானுங்களே."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். எல்லா ஊர்லயும் இப்பிடித்தான். உங்க ஊர்ல மட்டும் பிரச்சினை ஆயிரக்கூடாது பாருங்க."

அவ்வளவுதான். நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். 'வெட்டு' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவேயில்லை. நான்தான் வெட்டினேன். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: அன்றைக்குக் கத்திரிக்கோலைப் பிடித்த கை என்னுடையது. "யார் சொன்னாங்க, எழுத்தில் கொடுங்க" என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அந்த மனிதர் அடுத்த வடையை எடுக்காமல் எழுந்து போயிருப்பார் என்று இன்று தோன்றுகிறது. அன்று நான் கேட்கவில்லை. என்னை நம்பி வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், ஊர்க் கேபிள் முழுக்கக் கம்பத்தில் இருக்கிறது என்று எனக்கு நானே காரணங்கள் அடுக்கினேன். காரணங்கள் எல்லாம் உண்மை. பயமும் உண்மை.

அந்த அம்மா பேசிய இடத்தை எடுத்துவிட்டு, அதே நீளத்துக்கு மலை ரயில் வளைந்து வளைந்து வரும் காட்சியைப் போட்டேன். எங்களிடம் எப்போதும் கைவசம் இருந்த காட்சி அது. பிறகுதான் கோத்தகிரிக்குப் போன கேசட் ஞாபகம் வந்தது. ஃபோன் செய்தால் மணியே அடிக்கவில்லை. மழையில் லைன் போயிருந்தது. ஏழு மணி ஆயிற்று. குன்னூரில் ரயில் ஓடியது, கோத்தகிரியில் அந்த அம்மா வெள்ளைத்தாளைக் காட்டினார்.

மறுநாள் காலையில் மண்டிக்குப் பூண்டு மூட்டையோடு வந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏனுங்க, என்ற அக்கா கோத்தகிரில இருக்குது, காலைல முதல் பஸ்ல இங்க வந்துச்சு. அங்க ஒரு அம்மா கவரப் பிரிச்சுக் காட்டுச்சாமா. இங்க எங்க டிவில ரயிலுதானுங்க வந்துச்சு. அக்கா என்னையப் பொய் சொல்றேங்குது. நெசம் எதுங்க?"

பூண்டு என்ன விலை என்று கேட்டுவிட்டு மாடி ஏறிவிட்டேன்.

அதே காலையில் கோத்தகிரியில் மின்வாரிய ஆட்கள் ஏணியோடு வந்து, கம்பங்களில் இருந்த கேபிளை எல்லாம் அறுத்துப் போட்டார்கள். கோத்தகிரிக்காரர் குடை பிடித்துக்கொண்டு கம்பத்தடியில் நின்று, "ஆர்டர் இருக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றார்கள். அதற்குமேல் சண்டை போடவில்லை. "சரி, அறுத்ததைச் சுருட்டிக் குடுத்துட்டுப் போங்க. ரோட்டுல கெடந்தா மாட்டுக் கால்ல சிக்கிக்கும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கம்பம் கம்பமாகக் கூடவே நடந்து, சுருள் சுருளாக வாங்கிவைத்துக்கொண்டார்.

மத்தியானம் அதிகாரி மறுபடி என் மாடிக்கு வந்தார். இந்தமுறை ஒரு வழி கொண்டுவந்திருந்தார். கோத்தகிரிச் செய்தி தவறுதலாகப் போய்விட்டது என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், கேபிளைப் பழையபடி கட்டிக்கொள்ளலாம் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பியது. உடனே உட்கார்ந்து எழுதினேன்: "நேற்றைய செய்தியில் ஒரு பகுதி தவறுதலாக ஒளிபரப்பாகிவிட்டது. அதற்கு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம்." யார் மனமும் புண்படாமல் எழுதிவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. ஒரு அட்டையில் அழகாக எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

கோத்தகிரிக்காரர் கன்ட்ரோல் ரூமில் கேபிள் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அட்டையை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"தவறுதலாங்கறது எதுங்க?"

"அட, ஒரு வார்த்தைக்குங்க. நான் அனுப்பினதே தப்புன்னு வெச்சுக்கங்களேன். இங்க வெட்டிட்டேன், உங்களுக்குச் சொல்ல முடியல. அப்பத் தவறுதலாத்தானே போச்சு?"

"நான் பாக்காமப் போட்டிருந்தா நீங்க சொல்றது சரிங்க. நான் பாத்துட்டுல்ல போட்டேன். ரெண்டு தடவ பாத்தேன்."

"ரெண்டு தடவ எதுக்கு?"

"அந்தத் தாள்ல எழுத்து கிழுத்து ஏதாச்சும் இருக்குதான்னு நிறுத்தி நிறுத்திப் பாத்தேனுங்க. மினிஸ்டரப் போயி பொய் சொல்லிட்டாருன்னு சொல்லுதே அந்தம்மா, சும்மா போட்டுற முடியுங்களா? டிவில தெளிவாத் தெரியல. பள்ளிக்கூடம் பக்கந்தானே, குடையை எடுத்துட்டு நேராவே போயிட்டேன். அந்தம்மா கவரு மட்டுமில்ல, மத்தவங்க கவரையும் பிரிக்கச் சொல்லிப் பாத்தேன். எல்லாமே வெள்ளத்தாளுதானுங்க. அப்புறம் வந்துதான் போட்டேன்."

தம்பிகளே, தங்கைகளே, அந்த நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். செய்தி ஆசிரியர் நான். ஒரு கவரைப் பார்த்துவிட்டு மற்ற கவர்களில் என்ன இருந்தது என்று கேட்கத் தோன்றாமல் முதல் செய்தியாக வைத்தவன் நான். ஒரு டீ குடித்த நேரத்தில் அதையே வெட்டியவனும் நான். பத்திரிகையாளர் என்று எந்த அட்டையும் சட்டைப்பையில் இல்லாத ஒரு கேபிள்காரர், மழையில் நடந்து போய், என் வேலையைச் செய்துவிட்டு வந்திருக்கிறார். வந்து, பின்னால் என்ன நடக்கும் என்று தெரிந்தே, பொத்தானை அழுத்தியிருக்கிறார். அவர்மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்றுவரை ஓர் இம்மி குறையவில்லை.

ஆனால் மரியாதை வந்ததும் மனிதன் திருந்திவிடுவான் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். "பொழப்பு போயிருமுங்க. வீம்புக்கு இது நேரமில்ல" என்று கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "இது தவறுதலா வந்துச்சுன்னு நான் ஊருக்கெல்லாம் எழுதிக் காட்டினா, அந்தம்மா சொன்னது பொய்யின்னு ஆயிருமுங்க. பட்டா குடுத்தாச்சுன்னு அவங்க ஃபைல மூடிருவாங்க. அப்புறம் அந்தச் சனத்துக்கு ஊடு எவன் குடுப்பான்? என்ற கேபிள மறுபடி கட்டிக்கலாமுங்க. அதுக்காக அவிங்க ஊட்ட அறுக்க முடியாதுங்க."

அட்டையைத் திருப்பி என் கையிலேயே கொடுத்தார். கூடவே டீயும் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

கோத்தகிரியில் டிவி இல்லை. முதல் இரண்டு நாள் கோத்தகிரிக்காரர் வீடு வீடாகப் போய், ஏன் வரவில்லை என்பதை மட்டும் சொன்னாராம். யாரையும் திட்டவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சர்ச்சுக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு டீச்சரம்மா அவரைக் கூப்பிட்டார். "கம்பம்தானே அவங்களுது? எங்க வீட்டுக் கூரை எங்களுது. இதுமேல கட்டிக்கங்க" என்றார். கூரையிலிருந்து பக்கத்து வீட்டுப் புகைக்கூண்டு. அங்கிருந்து எதிர்வீட்டு மாடிக் கைப்பிடி. வீடு இல்லாத இடத்தில் தோட்டக்காரர்கள் தங்கள் சில்வர் ஓக் மரத்தைக் காட்டினார்கள். மரமும் இல்லாத இடத்தில் மூங்கில் நட்டார்கள். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் வீட்டுக் கூரைகள்கூட அந்த வரிசையில் இருந்தன. பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகள் இரண்டு பேர், கேபிள் நடுவில் தொங்கிப் போகக்கூடாதே என்று ஒரே ஏணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

பத்து நாளுக்குள் கரண்டு கம்பம் ஒன்றைக்கூடத் தொடாமல் கேபிள் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. ஆட்கள் மறுபடி ஏணியோடு வந்தார்கள். மேலே பார்த்தார்கள். டீச்சரம்மா வாசலில் நின்று, "என்னங்க, எங்க வீட்டு மேல ஏறணுமா?" என்று கேட்டாராம். ஏணியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

அன்று மாலை ஏழு மணிக்குக் கோத்தகிரிக்காரர் முதலில் போட்டது அந்த அம்மாவைத்தான். அடியில் ஒரு வரி: "இது ஏற்கெனவே வந்த செய்தி. உண்மையான செய்தி." அந்த வாரமே பள்ளிக்கூடத்துக்குத் தாலுகா ஆபீஸ் ஆட்கள் வந்து வெள்ளைத்தாள் கவர்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக்கொண்டு போனார்கள். நிஜப் பட்டா கைக்கு வர அடுத்த மழைக்காலம் தாண்டியது. எங்களால்தான் வந்தது என்று மார்தட்ட மாட்டேன். ஃபைலை மூட முடியாமல் போனதற்கு அவர் காரணம் என்று மட்டும் சத்தியம் செய்வேன்.

கூரைக் கேபிளில் அந்த அம்மா மறுபடி வந்ததைக் கேள்விப்பட்ட அன்றைக்கே நானும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் செய்தி வாசிக்கும் பெண்ணை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நானே கேமராவின் முன் உட்கார்ந்தேன். "பள்ளிக்கூட முகாமில் ஓர் அம்மா பேசியதைக் குன்னூர் நேயர்களுக்குக் காட்டாமல் வெட்டினேன். மிரட்டலுக்குப் பயந்து வெட்டினேன். வெட்டியது இதுதான்" என்று சொல்லி, அந்த ஒரு நிமிடம் நாற்பது விநாடியையும் முழுதாகப் போட்டோம். முடிந்ததும் மைக்கைக் கழற்ற அந்தப் பெண்தான் உதவி செய்தாள்.

அடுத்து நடந்ததை நீங்களே சொல்லிவிடுவீர்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் மார்க்கெட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை எங்கள் கேபிள் தெருவில் கிடந்தது. வந்தவர்களிடம் வாழ்க்கையில் முதல்முறையாக "எழுத்துல ஆர்டர் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார்கள். கேட்டதால் ஒன்றும் நின்றுவிடவில்லை. ஆனால் தெருவில் நின்ற அத்தனை பேரும் அந்த 'இல்லை'யைக் கேட்டார்கள். அதற்காகவாவது கேளுங்கள்.

மண்டி வாசலில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றிருந்தேன். கோத்தகிரி பஸ் வந்து நின்றது. அதன் கூரையில் நீளமாக ஓர் ஏணி கட்டியிருந்தது. கோத்தகிரிக்காரரும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் தோளில் கேபிள் சுருளோடு இறங்கினார்கள். நான் கூப்பிடவில்லை. முந்தின நாள் பஸ்ஸில் வந்த கேசட்டைப் பார்த்ததுமே காலையில் இங்கே என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அன்னைக்கு நான் அந்த அட்டையை எடுத்துட்டு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. தெருவின் இரண்டு பக்கக் கூரைகளையும் அளந்துகொண்டிருந்தார்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாமுங்க. ஏழு மணிக்கு நியூஸ் இருக்குதுல்ல? எந்த ஊட்டுல இருந்து ஆரம்பிக்கலாம், சொல்லுங்க."

நான் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.